சம்மதக் கடிதம்

ஜூன் 9, திங்கள்

நகராட்சி சமுதாயக் கூடத்தில் இன்று ஒருநாள் முகாம். 'சிறுதொழில் தொடங்கவும் நடத்தவும் சட்ட வழிகாட்டல்' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். மதியம் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் கிடைத்தன. கிளம்பும்போது ஆளுக்கு ஒரு டைரி கொடுத்து, "தினமும் தொழிலப் பத்தி நாலு வரி எழுதி வெய்யுங்க, பின்னால உதவும்" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஒவ்வொருவராக எழுந்து நின்று தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் சொன்னது: பெயர் துளசிமணி. வயது நாற்பத்தொன்று. ஊர் உடுமலைப்பேட்டை. தொழில் சத்துமாவு. வீட்டின் பின்பக்கம் அரவை மெஷின் இருக்கிறது. தெரிந்தவர்களுக்கு மட்டும் கவரில் கட்டிக் கொடுத்துவந்தேன். இப்போது மூன்று மழலையர் பள்ளிகள் நடத்தும் ஓர் அம்மா மாதம் அறுபது கிலோ கேட்கிறார். பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்க வேண்டுமாம். ஜூலை பதினைந்துக்குள் எண்ணோடு வந்தால் ஆர்டர் எனக்கு, இல்லையென்றால் பொள்ளாச்சிக்காரருக்கு.

வகுப்பு எடுத்தவர் ஜெயக்கொடி என்ற வக்கீல். நரைத்த கிராப்புத் தலை, பெரிய குரல். உத்யம், ஜிஎஸ்டி, உணவுப் பதிவு, எடையளவுச் சட்டம், நகராட்சி உரிமம், வணிக மின் இணைப்பு என்று பலகை நிறைய எழுதினார். எல்லாவற்றையும் நான் எழுதிக்கொண்டேன். எதற்கு எது என்று விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் கோழிப்பண்ணைக்காரர். அவருக்கும் விளங்கவில்லை என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல்.

நான் எழுந்து கேட்டேன்: "மாவு விக்கறதுக்கு இத்தன பேப்பர் வேணுங்களா மேடம்?"

"நீங்க விக்கறது மாவு. வாங்கறவங்க அதக் குழந்தைக்கு ஊட்டறாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா யாரைக் கேக்கறது? அதுக்குத்தான் பேப்பர். பேர் யாரோடது, இடம் யாரோடது, பொறுப்பு யாரோடது. சட்டம் கேக்கறது அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் எதற்குப் பலகை நிறைய?

ஜூன் 11, புதன்

கம்பில் கல். இரண்டு தடவை புடைத்தேன். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவை என் மகள் மௌனிகா போனிலேயே போட்டுவிட்டாள். கால் மணி நேரம். பணம் கிடையாது. நாம்தான் பயந்து கிடக்கிறோம்.

ஜூன் 14, சனி

இ-சேவை மையத்தில் உணவுப் பதிவுக்கு விண்ணப்பிக்கப் போனேன். ஆதார், போட்டோ, மாவில் என்னென்ன சேர்க்கிறேன் என்ற பட்டியல், எல்லாம் இருந்தன. "தயாரிக்கிற இடத்துக்கு ஆதாரம் கொண்டாங்க" என்றான் அங்கிருந்த பையன். வீட்டு வரி ரசீதைக் கொடுத்தேன்.

"இது மோகனசுந்தரம்னு இருக்குதுங்களே?"

"என்ற வீட்டுக்காரருங்க."

"அப்ப அவர்கிட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கிட்டு வந்திருங்க. என் வீட்டுல இன்னார் தொழில் செய்யறதுல எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு. கையெழுத்து, ஆதார் நகல். அவ்வளவுதான்."

அவர் காற்றாலை டெக்னீஷியன். எங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலைகள்தான். முதலில் இங்கேதான் வேலை. பிறகு கம்பெனி குஜராத்தில் கட்ச் பக்கம் அனுப்பிவிட்டது. போய் ஐந்து வருடம். முன்பெல்லாம் வருடத்துக்கு இரண்டு முறை வருவார். கடைசியாக வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. போன தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. பொங்கலுக்கு ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை.

சாயங்காலம் அழைத்தேன். "டவர் மேல இருக்கறேன், அப்பறமாக் கூப்படறேன்" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

சாரல். ராகி காயவில்லை. அவர் கூப்பிடவில்லை. காற்றுச் சீசன், வேலை அதிகமாக இருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

மின்வாரிய அலுவலகம் போனேன். வீட்டு இணைப்பில் மெஷின் ஓட்டி வியாபாரம் செய்யக் கூடாதாம், வணிக இணைப்பு வேண்டுமாம். அதற்கும் உரிமையாளர் கையெழுத்து. எங்கே சுற்றினாலும் அந்தக் கையெழுத்தில்தான் வந்து நிற்கிறது.

ரமிஜா வந்திருந்தாள். நாலு வீடு தள்ளி இருப்பவள். வறுப்பதும் சலிப்பதும் அவள், அரைப்பதும் எடை போடுவதும் நான். இத்தனை நாள் வந்ததைப் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டோம். முகாமில் வக்கீலம்மா சொன்னதை அவளிடம் சொன்னேன். தனிநபர் நிறுவனம் என்றால் எல்லாம் என் பெயரில். கூட்டு என்றால் ஒப்பந்தப் பத்திரம் எழுத வேண்டும்.

"பத்திரம் எழுதினா சண்ட வந்துரும்ங்கறாங்க, எழுதாட்டியும் சண்ட வரும்ங்கறாங்க. நாம எந்தச் சண்டைய போடறதுக்கா?" என்றாள். சிரித்தோம்.

பிறகு கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். "அவரு வந்தா ஒரே நாள்ல முடிஞ்சுரும் ரமிஜா. ஆடிக்கு வந்தாலும் வருவாரு."

ரமிஜா சல்லடையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அதில் மாவு எதுவும் இல்லை.

"ஏக்கா, வேற எடத்துல போட்டா என்ன? எங்கண்ணனோட டைல்ஸ் கடைக்குப் பின்னால ஒரு ரூம் சும்மா கெடக்குது."

"சொந்த வீடு இருக்கறப்ப எதுக்கு வாடகைக்குப் போகோணும்?"

அவள் அண்ணன் ரூமுக்கு ஆள் தேடுகிறார் போல.

ஜூன் 24, செவ்வாய்

அவர் கூப்பிட்டார். பத்து நாள் கழித்து. பேசியதை அப்படியே எழுதுகிறேன், வக்கீலம்மாவிடம் கேட்க வேண்டியிருக்கும்.

"என்ன துளசி, பத்து மிஸ்டு கால்?"

"ஏனுங்க, ஒரு லெட்டர் வேணுமுங்க. ஊட்டுல மாவுத் தொழில் செய்யறதுக்கு ஆட்சேபணை இல்லைன்னு. கையெழுத்துப் போட்டு வாட்ஸாப்புல அனுப்பினாப் போதும், அசலத் தபால்ல போடுங்க."

"இத்தன நாளு லெட்டர் இல்லாமத்தான வித்த?"

"இப்ப பள்ளிக்கூடத்துக்குங்க. நெம்பர் வேணும்ங்கறாங்க."

"அதெல்லாம் வேண்டாம். வீட்ட வச்சு எந்தப் பேப்பரும் எழுதாத. நாளைக்கு நோட்டீஸ் கீட்டீஸ்னு வந்தா யாரு பாக்கறது?"

"நான் பாத்துக்கறனுங்க."

"நீ ஒண்ணும் பாக்க வேண்டாம். நான் வந்து பேசிக்கலாம்."

எப்போது வருவீர்கள் என்று கேட்பதற்குள் பின்னால் குக்கர் விசில் அடித்தது. மூன்று விசில். "மெஸ்ல கூப்படறாங்க" என்று வைத்துவிட்டார். மெஸ்ஸில் குக்கரில் சமைப்பார்களா என்று தெரியவில்லை. சின்ன மெஸ்ஸாக இருக்கும்.

அப்பா என்ன சொன்னார் என்று மௌனிகாவிடம் சொல்லப் போனேன். அவள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டாள். பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லவில்லை என்று அவள் அப்பாவின் எண்ணைப் பிளாக் செய்து வைத்திருக்கிறாள். பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணுக்கு இவ்வளவு கோபம் ஆகாது.

ஜூன் 28, சனி

லேபிள் அடிக்கிற கடைக்குப் போனேன். 'ரத்தசோகை தீரும், எடை கூடும், மூளை வளரும்' என்று நான் எழுதிக் கொடுத்ததைக் கடைக்காரர் கோடு போட்டு நீக்கிவிட்டார். நோய் தீரும் என்று போட்டால் கேஸ் ஆகுமாம். தேவைப்படுவது: சேர்மானங்கள், முந்திரியும் வேர்க்கடலையும் இருப்பது தனியாக, நிகர எடை, தயாரித்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, விலை, பச்சைப் புள்ளி, பதிவு எண், புகார் சொல்லப் போன் எண், தயாரிப்பவர் பெயர், முழு முகவரி.

"முகவரி மாறாதுங்களே? ஆயிரம் லேபிளுக்குக் கொறைஞ்சு அடிக்கறதில்ல" என்றார்.

"சொந்த வீடுங்க. எங்க போகுது?" என்றேன்.

எண் வந்த பிறகு அடிக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 2, புதன்

பதின்மூன்று நாள் இருக்கிறது.

முகாமில் கொடுத்த கார்டை எடுத்துக்கொண்டு ஜெயக்கொடி வக்கீலம்மாவின் ஆபீசுக்குப் போனேன். கோர்ட்டுக்கு எதிர்ச் சந்து, ஜெராக்ஸ் கடை மாடி. எல்லாவற்றையும் சொன்னேன். ஜிஎஸ்டி எனக்கு இப்போதைக்குத் தேவையில்லை என்று முதலில் அதை அடித்துவிட்டார். பாதி பாரம் குறைந்தது. மீதி அந்தக் கடிதம்.

"வீட்டுப் பத்திரம் உங்ககிட்ட இருக்குதா?"

"அவர்கிட்ட இருக்குதுங்க. போன தடவ வந்தப்ப பேங்க்குல காட்டறதுக்குன்னு எடுத்துட்டுப் போனாரு."

"ரெண்டு வருஷமா?"

"ஆமாங்க."

"வில்லங்கச் சான்று போட்டுப் பாத்தீங்களா?"

"எங்க ஊட்டுல வில்லங்கம் ஒண்ணும் இல்லீங்க."

"பேருதான் அப்படி. ஒரு சொத்து மேல என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்குதுன்னு காட்டற சான்று. பதிவுத்துறை வெப்சைட்டுலயே பாக்கலாம். தொழில் ஆரம்பிக்கறவங்க எல்லாருக்கும் நான் சொல்றதுதான். எந்த இடத்துல உக்காந்து தொழில் பண்றீங்களோ, அந்த இடத்தோட கதை தெரிஞ்சிருக்கோணும்."

சர்வே எண்ணை வரி ரசீதுக்குப் பின்னால் எப்போதோ எழுதி வைத்திருந்தேன். இ-சேவையில் கொடுத்தால் எடுத்துத் தருவார்களாம்.

ஜூலை 4, வெள்ளி

வில்லங்கச் சான்று எடுத்தேன். இரண்டு பக்கம். மூன்று பதிவுகள்.

ஒன்று, 2012இல் அவர் மனை வாங்கியது. இரண்டு, வீடு கட்டக் கடன் வாங்கியது. மூன்று, கடன் அடைந்த ரசீது. இவை எனக்குத் தெரிந்தவை. என் நகையும் அதில் போனது.

மூன்று என்று எழுதிவிட்டேன். நாலு இருக்கிறது.

நாலாவது, இந்த வருடம் பிப்ரவரி 19. தான செட்டில்மெண்டு, குடும்ப உறுப்பினர்களுக்கு. எழுதிக் கொடுத்தவர் மோகனசுந்தரம். எழுதி வாங்கியவர் கல்பனா.

கல்பனா என்று எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. அவர் பக்கத்திலும் இல்லை. தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். எண் மாறி வேறு யாருடைய வீட்டுப் பதிவோ இதில் வந்திருக்கலாம். கம்பெனியில் கடன் வாங்குவதற்கு இப்படி ஒரு முறை இருக்கலாம். பேங்குக்காரப் பெண்ணாகவும் இருக்கலாம். எனக்குத்தான் சட்டம் தெரியாதே.

இ-சேவைப் பையனிடம் கேட்டேன். "குடும்ப உறுப்பினர்னு போட்டிருக்குதுங்களே, உங்களுக்குத் தெரியலீங்களா?" என்றான். தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 5, சனி

அரைக்கவில்லை. மெஷின் பெல்ட் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன், வெளியூரில் இருந்தபடியே செட்டில்மெண்டு எழுதிக் கொடுக்க முடியுமா என்று.

"அதெப்படீங்க? ஆளு வரோணும். ரேகை வெக்கோணும், போட்டோ புடிப்பாங்க."

அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தேன். பன்னிரண்டு நிமிடம். வேகமாக நடந்தால் பத்து.

காலண்டரைப் புரட்டினேன். பிப்ரவரி 19 புதன்கிழமை. 'சிலிண்டர் வந்தது' என்று குறித்திருக்கிறேன். அன்று மதியம் அவரிடம் பேசியதும் நினைவு வருகிறது. புழுதிக் காற்று, கண்ணைத் திறக்க முடியவில்லை என்றார். நான், கண்ணை நல்ல தண்ணீரில் கழுவுங்கள் என்றேன்.

பதிவு ஆபீசில் ஏதோ குழப்பம் நடந்திருக்கிறது. பத்திரத்தின் நகல் வாங்கினால் தெரிந்துவிடும் என்று வக்கீலம்மா போனில் சொன்னார். வாங்கச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

இரண்டு மணிக்கு வக்கீலம்மா கூப்பிட்டார். மூன்று மணிக்குப் போனேன். நகலை என் கையில் கொடுக்காமல் அவரே வாசித்தார். நிறையப் புரியவில்லை. ஒரு வரி புரிந்தது. "எனது மனைவியாகிய கல்பனாவுக்கு, அவர்பால் நான் கொண்டுள்ள அன்பின் காரணமாக." பத்திரத்தில் அன்பு என்றெல்லாம் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

போட்டோவைக் காட்டினார். அவர் இளைத்திருக்கிறார். மீசையை எடுத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு முப்பது இருக்கும். பச்சைச் சேலை, மயில் கழுத்துக் கரை. பார்க்க மோசமில்லை. ஏதோ பயந்த முகம்.

நான் கேட்டது இதுதான்: "அப்ப மாவு விக்க முடியாதுங்களா மேடம்?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாக, பள்ளிக்கூடத்தில் சொல்வது போலச் சொன்னார். "உங்க கல்யாணம் சட்டப்படி முறியல. அதனால இந்தம்மாவ மனைவின்னு எழுதினது செல்லாது. வீட்ட யாரு பேருக்கு எழுதினாலும், உங்களையும் பொண்ணையும் அவங்க இஷ்டத்துக்கு வெளிய தள்ள முடியாது. குடியிருக்கற உரிமை உங்களுக்கு இருக்குது. கோர்ட்டுல பாதுகாப்பு உத்தரவு கேக்கலாம். ஜீவனாம்சம் கேக்கலாம். இந்தப் பத்திரத்தையே எதிர்க்கலாம். ஆனா எல்லாத்துக்கும் நாளாகும்."

"பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஆறு நாள்தானுங்க இருக்குது."

"அது வேற கேள்வி. அதுக்குப் பதில் சுலபம். தொழில இந்த வீட்டு மேல வெக்காதீங்க. கேஸ் நடக்கற இடத்துல நாளைக்குச் சீல் வெக்கறாங்க, கரண்ட வெட்டறாங்கன்னா உங்க மாவும் சேர்ந்து நின்னுரும். வேற இடம், வாடகை ஒப்பந்தம், உங்க பேருல. குடியிருக்கறது இங்கயே இருங்க. ஒரு ராத்திரிகூட வெளிய போய்ப் படுக்காதீங்க. புரியுதா?"

புரிகிறது என்றேன். தொழில் வெளியே போக வேண்டும், நான் உள்ளேயே இருக்க வேண்டும். படி இறங்கும்போது இரண்டும் மாறிப்போயின. மறுபடி மேலே ஏறிப்போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஜூலை 10, வியாழன்

மௌனிகாவிடம் எப்படிச் சொல்வது என்று நேற்றிலிருந்து ஒத்திகை பார்த்ததற்கு வேலையே இல்லாமல் போனது. பள்ளிவிட்டு வந்தவள் மேசை மேல் இருந்த நகலைப் பார்த்தாள். முதல் பக்கம்தான் வாசித்தாள்.

"வீட்டையுமா எழுதிக் குடுத்துட்டாரு?" என்றாள்.

வீட்டையும். அந்த 'உம்' என் நெஞ்சில் வந்து இடித்தது.

"உனக்கு எப்பத் தெரியும் கண்ணு?"

"டென்த் லீவுல. அந்தம்மா பேஸ்புக்குல போட்டோ இருந்துச்சு. ஒரு பாப்பாவும் இருக்குது. நான் பாத்துட்டு அவரப் பிளாக் பண்ணிட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் என்னைப் பார்த்தாள். என்ன பார்வை அது என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு எழுந்து போய்ச் சோற்றைப் போட்டு எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை எனக்குச் சோறு போடுகிறது, நான் தின்கிறேன். உப்புப் போட மறந்திருந்தேன். இரண்டு பேரும் அப்படியே தின்று முடித்தோம்.

ஜூலை 12, சனி

ரமிஜாவின் அண்ணன் ரூமைப் பார்த்தேன். தகரம் இல்லை, காங்கிரீட் கூரைதான். தரையில் டைல்ஸ், கடையில் மிஞ்சினவை, நாலு நிறத்தில். ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டும். தண்ணீர் உண்டு. வணிக மின் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. மூன்று வாரமாக நான் நாயாக அலைந்தது இங்கே சும்மா கிடந்திருக்கிறது.

"உனக்கும் முன்னாலயே தெரியுமா ரமிஜா?"

அவள் மறைக்கவில்லை. "பிப்ரவரில எங்க ஊட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டுல அவரப் பாத்தாங்க. இடுப்புல ஒரு கொழந்தையோட. வந்து சொன்னாங்க. நான் எந்த வாயில உங்ககிட்டச் சொல்லுவேன்? ரூமு இருக்குது, ரூமு இருக்குதுன்னு மட்டும்தான் சொல்லத் தெரிஞ்சுது."

எனக்குக் கோபம் வர வேண்டும். வந்ததா என்று பார்த்தேன். தெரியவில்லை. டைல்ஸ் தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். அவள் அண்ணன் கதவு வரை வந்தவர் திரும்பிப் போய்விட்டார்.

வாடகை ஒப்பந்தமும் கூட்டுத்தொழில் பத்திரமும் வக்கீலம்மாவே எழுதித் தந்தார். பாதிப் பாதி. ஒருவர் விலக நினைத்தால் மூன்று மாத முன்னறிவிப்பு. இடம் யாருடைய உறவினருடையது என்பதற்கும் லாபப் பங்குக்கும் சம்பந்தமில்லை என்று தனியாக ஒரு வரி. நல்ல உறவாக இருக்கும்போதே இதையெல்லாம் எழுதிவிட வேண்டும், கெட்ட பிறகு எழுத முடியாது என்றார். ரமிஜா ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். நானும் இந்த முறை ஒவ்வொரு வரியையும் கேட்டேன்.

என் பெயருக்குப் பக்கத்தில் 'தந்தை அல்லது கணவர் பெயர்' என்று இருந்தது. "எது போடட்டும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. இரண்டும் சட்டப்படி சரி என்றார். அப்பா பெயரைச் சொன்னேன். மாரப்பன். எங்கேயும் எழுதி வெகுநாள் ஆன பெயர், 'ற'வா 'ர'வா என்று ஒரு நொடி யோசித்தேன்.

ஜூலை 14, திங்கள்

பள்ளி நிர்வாகி அம்மாவிடம் நேரில் போய் உண்மையைச் சொன்னேன். முழு உண்மை இல்லை. இடம் மாற்ற வேண்டியதாயிற்று, விண்ணப்பம் போட்டாகிவிட்டது, இதோ ரசீது, பத்து நாள் கொடுங்கள் என்றேன். அவர் ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொள்ளாச்சிக்காரரு ரெடியா இருக்காருங்க துளசிமணி."

"தெரியுமுங்க. அவரு மாவ உங்க கொழந்தைக குடிச்சுப் பாத்துதுங்களா?"

எங்கிருந்து அந்தப் பேச்சு வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டார். ஜூலை 25 வரை.

ஜூலை 18, வெள்ளி

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து ரூமைப் பார்த்தார். வலை அடித்தது நல்லது என்றார். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, எங்கள் இரண்டு பேருக்கும் மருத்துவச் சான்று. மெஷினை நேற்றே தள்ளுவண்டியில் கொண்டுவந்துவிட்டோம். வீட்டின் பின்பக்கம் இப்போது காலி. சத்தம் இல்லாமல் மௌனிகாவுக்குத் தூக்கம் வரவில்லையாம்.

ஜூலை 22, செவ்வாய்

எண் வந்துவிட்டது! பதினாலு இலக்கம். மௌனிகா போனில் காட்டினாள். ரமிஜா அதை மனப்பாடம் செய்துவிட்டாள். லேபிள் ஆயிரம் அடிக்கக் கொடுத்தேன். பாக்கெட்டில் அடைத்து விற்பவர்களுக்கு எடையளவுத் துறையில் தனிப் பதிவு ஒன்று இருக்கிறது என்று கடைக்காரர் நினைவுபடுத்தினார். அட, அதுவும் பலகையில் இருந்தது. நாளை அதற்குப் போக வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி

அறுபது கிலோ. கொடுத்தாகிவிட்டது. கை இரண்டும் மரத்துப் போயிருக்கின்றன.

ஜூலை 29, செவ்வாய்

வக்கீலம்மா அனுப்பிய நோட்டீஸ் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் ஒரே நாளில் ஏழு முறை கூப்பிட்டார். டவரில் ஏறவில்லை போலிருக்கிறது. ஏழாவது முறை எடுத்தேன்.

"என்ன துளசி இது, கோர்ட்டு கேஸுன்னு? எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பன்ல?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உங்களுக்கு என்ன கொற வெச்சேன்? மாசாமாசம் அனுப்பலையா? நீங்க அந்த வீட்டுலயே இருங்க, யாரு வேண்டாம்னா? பேருதான் மாத்தியிருக்கு. அந்தப் பிள்ளைக்கும் ஒரு பிடிமானம் வேணுமல்ல? நீ மாவு தான விக்கோணும், நான் வேணா அந்த லெட்டரு இப்பவே அனுப்பறேன். நோட்டீஸ வாபஸ் வாங்கு."

ஒரு மாதத்துக்கு முன்னால் அந்தக் கடிதத்துக்காக நான் எவ்வளவு கெஞ்சியிருப்பேன். இப்போது அது எதற்கு என்று ஒரு கணம் நினைவு வரவில்லை.

"எனக்கு இப்ப அந்த லெட்டரு வேண்டியதில்லீங்க. எதா இருந்தாலும் வக்கீலம்மாகிட்டப் பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு சாப்பிட்டீர்களா என்று கேட்க மறந்துவிட்டேனே என்று தோன்றியது. பதினெட்டு வருடப் பழக்கம். அதை எந்தப் பத்திரத்தில் ரத்து செய்வது?

ஆகஸ்ட் 6, புதன்

மனு தயாரிக்க வக்கீலம்மா காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். கல்யாணத் தேதி, பெண் பிறந்த தேதி, மனை வாங்கிய தேதி, என் நகை அடகு வைத்த தேதி என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே டைப் செய்தார். எல்லாம் டக்கு டக்கென்று சொன்னேன்.

"எதிர்மனுதாரருக்கு வேறொரு பெண்ணோட தொடர்பு இருக்கறது மனுதாரருக்குத் தெரியவந்தது எப்போ?"

"ஜூலை நாலுங்க. வில்லங்கச் சான்று எடுத்தன்னிக்கு."

அவர் டைப் செய்யவில்லை. "துளசிமணி, பேப்பர்ல பாத்த தேதியக் கேக்கல. தெரிஞ்ச தேதி. கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்லப் போறீங்க. குறுக்கு விசாரணையில இதத்தான் மொதல்ல கேப்பாங்க."

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை நாலுதான் என்று மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"ரெண்டு வருஷமாச்சுங்க" என்றேன். "2023 ஆவணி. அவரு கடைசியா வந்தப்ப."

சொல்லத் தொடங்கியதும் நிற்கவில்லை. அன்று காலை அவர் குளிக்கப் போயிருந்தார். அழுக்குத் துணி எடுக்க அவர் பையைத் திறந்தேன். சட்டைகளுக்கு அடியில் ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் வசம்பு வளையல். பிறந்த குழந்தையின் கைக்குப் போடுவது, இத்தனூண்டு. எங்கள் சொந்தத்தில் அந்த வருடம் யாருக்கும் குழந்தை பிறக்கவில்லை. நான் அதை மூக்கில் வைத்துப் பார்த்தேன். பிறகு இருந்த மாதிரியே மடித்து உள்ளே வைத்து ஜிப்பைப் போட்டுவிட்டு, இட்லிக்குத் தட்டு வைக்கப் போய்விட்டேன். பத்திரத்தை அவர் எடுத்துப் போனதும் அந்த முறைதான். எதற்கு என்று கேட்டேன். பேங்க் என்றார். சரி என்றேன்.

வக்கீலம்மா எழுதிக்கொண்டார். நான் அழவில்லை. மண்டைக்குள் இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுபோனது போல இருந்தது.

"இத இப்படியே போடறேன்," என்றார். "ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டாரு. தெரிஞ்சும் ரெண்டு வருஷம் ஏம்மா சும்மா இருந்தீங்கன்னு கேப்பாரு. என்ன சொல்லுவீங்க?"

அவர் ஊருக்குப் போன மறு வாரம் நான் என்ன செய்தேன் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போய், கழுத்தில் மிச்சமிருந்த சங்கிலியைக் கொடுத்து, அரவை மெஷின் வாங்கிவந்தேன். எதற்கு என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். பொழுது போகட்டும் என்று சொல்லியிருந்தேன். அதையே நானும் நம்பியிருந்தேன்.

"சும்மா இருக்கலீங்க மேடம்," என்றேன். "மாவு அரச்சுட்டு இருந்தேன்."